ஊர்ப்பாட்டை வகுப்புக்குக் கொண்டுவருதல்: பயிற்சி ஆசிரியர்களை ஆயத்தப்படுத்த ஒரு வழிகாட்டி

ஒரு தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தியின் தாத்தா திருவிழாக்களில் தவில் வாசிப்பவர். ஒருவனின் அம்மா ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறார். இன்னொருவன் ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. அவன் வீட்டுப் பாட்டு அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. வேறொருத்தியின் சித்தப்பா பறையடிப்பார்; அதை அவள் பள்ளியில் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். காலை மணி அடித்ததும் இத்தனை இசையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விடப்படுகிறது. உள்ளே ஆசிரியர் பாடநூல் பாட்டை ராகம் இழுத்து வாசிக்கிறார், அல்லது கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிடுகிறார்.

அந்த ஆசிரியருக்குப் பயிற்சிக் காலத்தில் யாரும் வேறு வழி காட்டியிருக்க மாட்டார்கள். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பிலோ பி.எட். படிப்பிலோ கலைக்கல்வி வகுப்பை முதல்முறையாக எடுக்கும் பயிற்றுநருக்காகவும், அவரிடம் படிக்கும் பயிற்சி ஆசிரியருக்காகவும் இது எழுதப்படுகிறது. எட்டு வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம், இடையில் இரண்டு ஊர்ப்பயணம் போதும். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று யாராவது சொன்னால், தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி கட்டாயமாக இருக்க வேண்டும் என்று கூறுவதைக் காட்டுங்கள். பி.எட். இரண்டாண்டாக ஆன பிறகு நாடகமும் கலைகளும் பற்றிய பகுதி அதிலேயே இருக்கிறது.

முதல் இரண்டு வாரம்: காதும் குரலும்

புதுப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்துத் தொடங்காதீர்கள். பயிற்சி ஆசிரியர்கள் இரண்டு வகையாக வருவார்கள். சிறு வயதில் கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களான சரளி வரிசை, ஜண்டை வரிசை படித்த சிலர், அதுவே இசை, மற்றதெல்லாம் வெறும் பாட்டு என்று நினைப்பார்கள். மீதிப் பேர் தங்களுக்கு இசையே தெரியாது என்று நினைப்பார்கள். இரண்டு நினைப்பும் பிள்ளைகளை வெளியே தள்ளும்.

ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து பத்துப் பாட்டுகளை எழுதட்டும். "உங்களுக்குத் தெரிந்த பாட்டு எது?" என்று கேட்டால் பத்தும் சினிமாப் பாட்டாகவே வரும், ஏனென்றால் பாட்டு என்ற சொல்லுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். கேள்வியை நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள்: உங்களைத் தூங்க வைத்தவர் என்ன பாடினார்? நாற்று நடும்போது, களை எடுக்கும்போது காதில் விழுந்தது என்ன? மழை வராத வருடத்தில் யார் என்ன பாடினார்கள்? துக்க வீட்டில்? பல்லாங்குழி, நொண்டி ஆடும்போது? வழிபாட்டில்? பேருந்தில்? சினிமாப் பாட்டு வந்தால் தள்ள வேண்டாம். அந்த மெட்டு தெம்மாங்கில் இருந்து வந்ததா, கும்மியில் இருந்து வந்ததா என்று காதால் தேடச் சொல்லுங்கள். நல்ல பயிற்சி அது.

பட்டியலைப் பலகையில் தொகுக்கும்போது பிறப்பு, வேலை, விளையாட்டு, வழிபாடு, சாவு என்று சந்தர்ப்பத்தை வைத்துப் பிரியுங்கள். சாதி, மதம், மொழி என்று பிரிக்கக் கூடாது. பேரை எழுதவும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒருவர் எழுதிய பாட்டே அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. இதே கவனம் நாளை பிள்ளைகளிடமும் வேண்டும் என்பதால், இங்கேயே பழக்கிவிடுவது நல்லது.

குரலுக்கு வருவோம். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் 2 கட்டைக்கும் 6 கட்டைக்கும் (மேற்கத்திய முறையில் D, A) இடைப்பட்ட சுரங்கள் எளிதாக வரும். பெரியவர்கள் தங்களுக்கு வசதியான இடத்தில் பாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். அது தாழ்ந்துபோனால் பிள்ளைகள் பாடுவதை விட்டுப் பேச்சுக் குரலில் கத்துவார்கள். "கத்தாதே" என்று அதட்டினால் வாயசைப்பதோடு நின்றுவிடுவார்கள். ஆண் ஆசிரியரின் குரல் ஒரு ஸ்தாயி கீழே இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பிடிப்பது கடினம். அப்போது நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை முதலில் பாடவைத்து மற்றவர்களைத் தொடரச் சொல்லலாம். பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் கைப்பேசியில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலியை வைத்துக்கொண்டு, பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் கண்டுபிடித்து, இரண்டும் அந்த எல்லைக்குள் வருமாறு தொடங்கும் இடத்தை நோட்டில் குறிக்கட்டும்.

தாளத்துக்கு, எண்ணிக்கையை வாயால் அசைகளாகச் சொல்லும் சொற்கட்டு போதும். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. காலால் நடந்துகொண்டே வாயால் சொல்லத் தெரிந்தால் ஊர்ப்பாட்டில் பாதி கைக்கு வந்துவிடும். சரளி வரிசை படித்தவர்களின் பயிற்சி பெற்ற காது இங்கே பெரிய உதவி. கேட்ட மெட்டில் அவர்கள் கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கும்மிப் பாட்டைக் கீர்த்தனை போல வளைத்தால், அதைக் கொடுத்த பாட்டிக்கே அடையாளம் தெரியாது.

மூன்றாம், நான்காம் வாரம்: பாட்டைக் கேட்டு வாங்குவது

கற்பித்தல் பயிற்சிக்குப் போகப்போகும் பள்ளியைச் சுற்றி ஒரு நாள் நடக்க வேண்டும். சத்துணவு சமைக்கும் அம்மா, ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள், தர்கா வாசலில் தஃப் என்னும் கைமேளம் வாசிக்கும் ஃபக்கீர், ஊர்க்கோடியில் மேளம் கட்டும் குழு, நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் என்று பேசிப் பார்த்தால் அந்த ஊர் எதைப் பாடுகிறது என்று தெரியும். மதுரையில் சௌராஷ்டிர மொழி, எல்லை மாவட்டங்களில் தெலுங்கும் கன்னடமும், தென்கோடியில் வில்லுப்பாட்டு, நீலகிரியில் தோடர், கோத்தர், இருளர் பாட்டுகள், திருப்பூர்ப் பின்னலாடைத் தெருக்களில் பீகார், ஒடிசாப் பிள்ளைகள். பாடநூல் இதை எல்லாம் தெரிந்து வைத்திருக்க முடியாது. அந்த ஊரில் வேலை பார்க்கும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடுபவரிடம் உட்காரும்போது இந்த ஒழுங்கில் போகலாம். முதல் முறை கைப்பேசியை எடுக்காமல் முழுப்பாட்டையும் கேளுங்கள். பிடித்திருந்தால் ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள். வகுப்பில் பாட ஓர் அனுமதி, வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ போட வேறு அனுமதி. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் அவர் தலையாட்டுவதற்குப் பொருளிருக்காது. கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தகரக் கூரையின் கீழே வேண்டாம். இரண்டாம் முறை நிறுத்தாமல் பாடச் சொல்லுங்கள். மூன்றாம் முறைதான் வரிவரியாக. முதலிலேயே வரிவரியாகக் கேட்டால் பாடுபவருக்கு நடை கலைந்துவிடும், சொற்கள் மறந்துபோகும். பாட்டின் ஓட்டத்தில்தான் அவருக்கு அந்தச் சொற்கள் நினைவிருக்கின்றன.

பிறகு கேட்க வேண்டியவை: இதை எப்போது பாடுவார்கள்? எப்போது பாடவே மாட்டார்கள்? யாரிடம் கற்றீர்கள்? புரியாத சொல்லுக்கு என்ன பொருள்? இரண்டாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வகுப்பில் வரும் சிக்கல்கள் அதிலிருந்துதான் முளைக்கின்றன.

சொற்களைக் கேட்டபடியே எழுதுங்கள். "வர்றாக" என்பதை "வருகிறார்கள்" என்று திருத்தினால் மூன்று தட்டில் அடங்கிய சொல் ஐந்தாக நீண்டு தாளம் உடையும். அதோடு, வீட்டுப் பேச்சு பிழையானது என்று பிள்ளைக்குச் சொன்னதாகவும் ஆகும். வேறு மொழிப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி அதைப் பார்த்துக் கற்பிக்காதீர்கள். க, ச, ட, த, ப வரிசையில் ஒலிப்பு வேறுபாடுகளைத் தமிழ் எழுத்து காட்டாது. ஒடியாச் சொல் வேறு சொல்லாகிவிடும், அந்தப் பிள்ளை வகுப்பின் சிரிப்புக்கு ஆளாகும். அந்தப் பிள்ளையின் அம்மா பாடிய ஒலிப்பதிவே பாடம்; எழுத்து ஞாபகத்துக்கு மட்டும்.

ஆர்மோனியத்தை வைத்து மெட்டைச் சரி செய்யும் ஆசையும் வரும். தாலாட்டும் ஒப்பாரியும் பெரும்பாலும் கட்டிய தாளத்துக்குள் நிற்காதவை. மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே வரி முடியும். அவற்றைத் தாளத்தில் அடைத்தால் பாட்டு செத்துவிடும்.

காசு விஷயத்தில் தெளிவு வேண்டும். பாடுபவர் ஒரு நாள் வேலையை விட்டு வந்தால் குறைந்தது அந்த நாள் கூலி அவர் கைக்குப் போக வேண்டும். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடுவதை மரியாதை என்று நம்பாதீர்கள். நிறுவனத்தின் கணக்கில் முன்கூட்டியே இதற்குத் தொகை ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வாரம்: எல்லோரும் பாடலாமா?

திரட்டிய பாட்டுகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: எல்லோரும் பாடக்கூடியவை, பின்னணி சொன்ன பிறகு பாடக்கூடியவை, கேட்க மட்டும் உரியவை. பிரித்ததற்குக் காரணம் சொல்லவும் வேண்டும். விளையாட்டுப் பாட்டு, தாலாட்டு, நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு முதல் குவியலில் சேரும். ஒப்பாரி பெரும்பாலும் மூன்றாவது. சாவு இல்லாத இடத்தில் அதைப் பாடக் கூடாது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அண்மையில் யாரையாவது இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கவும் கூடும். மேல் வகுப்புகளில் அதன் உவமைகளைப் பேசலாம், ஒரு பதிவைக் கேட்கலாம்.

சில ஊர்ப்பாட்டுகளில் சாதிப் பெயர், உருவக் கேலி, மனைவியை அடிப்பது, கொச்சைப் பேச்சு எல்லாம் வரும். ஓசையில்லாமல் சொல்லை மாற்றி "நாட்டுப்புறப் பாட்டு" என்று கொடுப்பது சரியில்லை. பாடியவரிடமே வேறு அடி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே மெட்டுக்குப் பல அடிகளை அவர்கள் வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஏற்றதை அவரே எடுத்துத் தருவார்.

வழிபாட்டுப் பாட்டு பற்றிப் பயிற்சி ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுவார்கள். முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் உறுப்பு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்திலும் ஒருவரை அவர் சம்மதமின்றி, சிறாராக இருந்தால் காப்பாளர் சம்மதமின்றி, வழிபாட்டில் பங்கேற்க வைக்க முடியாது. ஆகவே வழிபாட்டுப் பாட்டை இசையாகக் கேட்டு அதன் வடிவத்தைப் பேசலாம். கைகூப்பிப் பாடவைக்கக் கூடாது. கேட்பதற்கு நம்மிடம் அருமையான இணைகள் உண்டு. சைவரான தாயுமானவரும் 'பராபரமே' என்று முடியும் ஈரடிகளாகப் பராபரக்கண்ணி பாடினார், முஸ்லிம் ஞானியான குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறத்தி குறி சொல்லும் நாடகப் பாட்டான குறவஞ்சி வடிவத்தையே கிறித்தவப் பாடலுக்கு எடுத்தார். இவற்றை அடுத்தடுத்து வைத்து "எது ஒன்றாக இருக்கிறது?" என்று மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பாட மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது? கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, பாட மட்டும் செய்யாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் தவறு என்று தீர்ப்பளித்தது. பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும். இசைக்கருவி வேண்டாம் என்று சொல்லும் முஸ்லிம் குடும்பமும் உண்டு, தஃப் மட்டும் ஏற்கும் குடும்பமும் உண்டு, எதையும் தடுக்காத குடும்பமும் உண்டு. நீங்களே ஊகிக்காமல் பெற்றோரிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளை கைத்தட்டலிலோ குரலிலோ சேரலாம், பாட்டின் கதையைச் சொல்பவராக இருக்கலாம்.

ஆறாம் வாரம்: 40 நிமிடப் பாடவேளை

எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து நுண்ணிலைக் கற்பித்தலாக (சக பயிற்சி ஆசிரியர்களையே பிள்ளைகளாக வைத்துப் பாடம் நடத்திப் பழகுவது) இதைச் செய்து பாருங்கள். கும்மிப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் நேரம் இப்படி அமையும்.

1. கேட்டல், 4 நிமிடம். ஆசிரியர் பேசாமல் ஒலிப்பதிவை ஓடவிடுவார். பிறகு ஒரே கேள்வி: "இதைப் பாடுறவங்க என்ன வேலை செய்துகிட்டே பாடுறாங்கன்னு தோணுது?"
2. கால், 6 நிமிடம். சொல் இல்லாமல் நடை மட்டும். வாயில் "தகிட தகிட".
3. கை, 6 நிமிடம். ஒவ்வொரு "த" விழும்போதும் ஒரு தட்டு.
4. சொல், 12 நிமிடம். ஆசிரியர் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி. நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம்.
5. வட்டம், 8 நிமிடம். மூன்றையும் சேர்த்து, முன்பாட்டு ஒருவர், பின்பாட்டு மற்றவர்கள்.
6. பேச்சு, 4 நிமிடம். பாட்டைக் கொடுத்தவர் பேர், ஊர், எப்போது பாடுவார்கள்.

சொல்லை முதலில் கொடுத்தால் பிள்ளைகள் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள், உடம்பு அசையாது. இன்னொரு தவறு, மூன்றில் நடக்கும் பாட்டுக்கு நான்காகத் தட்டுவது. கீபோர்டின் தாளப்பெட்டி பழக்கத்தில் அது வரும். பல கும்மிப் பாட்டுகள் தகிட நடையில் விழுபவை. கால் நடுவில் தடுமாறினால் முதலில் தட்டை எண்ணிப் பாருங்கள்.

"கும்மி பொம்பளப் பிள்ளைங்க ஆட்டம்" என்று பையன்கள் ஒதுங்குவார்கள். கட்டாயப்படுத்தி இழுப்பதை விட, கைக்குட்டை வீசி ஆண்கள் ஆடிவந்த ஒயிலாட்டத்தை அடுத்த வாரம் வைத்து அதில் பெண் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துங்கள். இரண்டும் எல்லோருக்கும் என்பது தானாகவே விளங்கும். காது கேளாத பிள்ளை இருந்தால் ஊதிய பலூன் ஒன்றை இரு கைகளால் பிடித்தபடி மேளத்துக்கு அருகில் நிற்கட்டும். அதிர்வு விரலுக்கு வரும்.

ஏழாம் வாரம்: பறை

இந்த ஒரு கருவிக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியரின் மனதில் உள்ளது என்ன என்பதைப் பறை வெளியே கொண்டுவந்துவிடும். "சாவு மேளம்" என்று முகம் சுளிப்பவர்கள் பயிற்சி வகுப்பிலும் இருப்பார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே பேச்சு வழக்கு. இதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்தக் கருவியைச் சாதியின் பேரால் ஒரு மக்கள் மீது கட்டாய வேலையாகச் சுமத்தினார்கள், அதனாலேயே பல ஊர்களில் தலித் மக்கள் இனி அடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். பழம்பெருமையை மட்டும் பேசி இதை விட்டுவிட்டால் பாதி உண்மைதான் வகுப்புக்குப் போகும்.

இதிலிருந்து வரும் நடைமுறை விதிகள். பறையை எடுத்துக்கொள்ள ஒரு பிள்ளையை ஆசிரியர் பேர் சொல்லி அழைக்கக் கூடாது. வரிசைப்படி எல்லோரும் அடிக்க வேண்டும். "உங்க வீட்ல தெரியும்ல, நீ அடி" என்ற ஒரு வாக்கியம் போதும், அந்தப் பிள்ளை அதன்பின் பள்ளியில் வாய் திறக்காது. தன் பிள்ளை பறையைத் தொட வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரில் இருவேறு ஆட்கள் உண்டு: தீட்டு என்று நினைப்பவர், அந்த வேலையிலிருந்து போராடி வெளியே வந்தவர். இரண்டாமவரின் மறுப்பை மதித்து ஏற்க வேண்டும். முதலாமவரிடம் தலைமையாசிரியரோடு சேர்ந்து பேச வேண்டும். வகுப்பில் யாராவது சாதி வசவைச் சொன்னால் பாட்டை அங்கேயே நிறுத்தி எல்லோர் முன்னிலையிலும் பேசுங்கள். பிறகு தனியாக அழைத்துச் சொல்வது, கேட்ட பிள்ளைக்கு உதவாது.

கலைஞரை ஒரு மாதம் முன்பே அழையுங்கள். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் கிடைப்பது அரிது. சாவு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் அன்று வர முடியாமல் போகலாம். மாற்று நாள் ஒன்றை வைத்திருங்கள். மற்ற விருந்தினருக்குப் போடும் அதே நாற்காலி, அதே குவளை. கருவியை அவர் பறை என்கிறாரா தப்பு என்கிறாரா என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லையே வகுப்பும் சொல்லட்டும். அடிகளுக்கான சொற்கட்டும் குழுவுக்குக் குழு மாறும்; அவருடையதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நாற்பது பேருக்கு ஐந்து பறை போதும். மற்றவர்கள் தொடையில் தட்டியபடி சொற்கட்டைச் சொல்லட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள். அறைக்குள் வேண்டாம், சத்தம் காதைக் குடையும், மரத்தடிக்குப் போங்கள். வட்டமான மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோல் ஒட்டியிருக்கும். வாரை இடது தோளில் மாட்டி, சட்டத்தை உடம்போடு அணைத்து, இடது கையில் நீண்ட மெல்லிய மூங்கில் குச்சி, வலது கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஒலி மந்தமாகும், அதனால்தான் காய்ச்சுகிறார்கள். வைக்கோலோ காகிதமோ எரித்து, கருவியைச் சுழற்றிக்கொண்டே அனல் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் வெடிக்கும். அதைக் கலைஞரே செய்வார், பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். மழைக்காலத்துக்கும் தோலைத் தொடத் தயங்குபவருக்கும் செயற்கைத் தோல் கட்டிய பறை உதவும். ஒலி அதே போல இருக்காது என்பதைக் கலைஞரே இரண்டையும் அடித்துக் காட்டட்டும்.

எட்டாம் வாரம்: மதிப்பெண்ணும் மீதி வேலையும்

குரல் இனிமைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். 20 மதிப்பெண் என்றால், தாளம் நிலையாக நிற்பதற்கு 5, பாட்டை யாரிடம் எப்படி வாங்கினார் என்ற பதிவுக்கு 5, கற்பித்த ஒழுங்குக்கு 5, ஒதுங்கி நின்ற பிள்ளையைக் கவனித்து என்ன செய்தார் என்பதற்கு 5. கடைசி ஐந்துக்காக வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்னால் இருந்தால் அது கண்ணில் படாது.

ஆண்டு விழாவுக்கு மட்டும் சலங்கை கட்டி, தலைப்பாகை வைத்து ஆடுவதோடு நிறுத்திவிடும் பள்ளிகளே அதிகம். வாரம் ஒரு பாடவேளை, மாதம் ஒரு புதுப் பாட்டு என்று வைத்தால் ஓராண்டில் பத்துப் பாட்டு வரும். "அழிந்துவரும் கலை" என்று அறிமுகப்படுத்துவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பாடுபவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஒவ்வொரு பாட்டையும் வகுப்பு கற்று முடித்ததும், பயிற்சி ஆசிரியர் அதைக் கொடுத்தவரிடம் திரும்பிப் போக வேண்டும். பிள்ளைகள் பாடியதைப் போட்டுக் காட்டி, எங்கே பிசகியிருக்கிறது என்று கேட்க வேண்டும். அவர் திருத்துவார். பல நேரம், அன்று நினைவுக்கு வராத ஓர் அடியையும் சேர்த்துப் பாடுவார். திருத்தத்தையும் புது அடியையும் தேதியோடு நோட்டில் எழுதி, மறுநாள் முதல் பாடவேளையில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.